ரொட்டிக்காரம்மாவும் கிடங்கு நாயும்

ரொட்டிக்காரம்மாவின் வீட்டில் காலை ஆறரையிலிருந்து எட்டேகால் வரை யாரும் யாரிடமும் சாதாரணக் குரலில் பேசியதில்லை. பேசினால் கேட்காது. இரண்டு அறை, ஒரு சமையலறை, ஒரே ஒரு குளியலறை, ஐந்து பிள்ளைகள். ஒருவருக்குச் சாக்ஸ் கிடைக்காது, இன்னொருவருக்குச் சீப்பு கிடைக்காது. கிடைத்தவர் கொடுக்க மாட்டார். அடுத்த நிமிடம் தலைமுடி ஒருவர் கையிலும் அலறல் இன்னொருவர் வாயிலும் இருக்கும்.

மூத்தவளுக்குப் பதினொரு வயது. வீட்டில் அவளுக்கு மேனேஜர் என்று பெயர். வேலை செய்வதைவிட வேலை வாங்குவதில் அவள் கெட்டிக்காரி. அடுத்தவன் வக்கீல், ஒன்பது வயது. 'குளிச்சியா?' என்று கேட்டால் 'எப்போன்னு கேக்கறீங்க?' என்று திருப்பிக் கேட்கிற ரகம். அதற்கடுத்து இரட்டைப் பெண்கள், இடியும் மின்னலும், ஆறு வயது. யார் இடி, யார் மின்னல் என்று பெற்றவர்களுக்கே சில நாள் தடுமாறும். தோளில் பல் பதிந்திருந்தால் அது இடி. பதித்தவள் மின்னல். கடைசியாக ஒன்றரை வயதுப் பொட்டலம். யார் இடுப்பிலாவது, யார் தோளிலாவது எந்நேரமும் சுருட்டி வைத்தபடி இருக்கும் குழந்தை.

இத்தனையையும் மேய்த்துவிட்டுப் பதினோரு மணிக்கு ரொட்டிக்காரம்மா பேக்கரிக்குப் போவாள். அங்கே மாவு பிசைய மெஷின் இருந்தது. ஆனால் சில ரகத்துக்குக் கைதான் சரிப்படும் என்று முதலாளி நினைத்தார், அந்தக் கை அவளுடைய கையாக இருந்தது. பதினாலு வருஷம் பிசைந்து பிசைந்து முழங்கைக்குக் கீழே தேக்குக்கட்டை மாதிரி இறுகிப் போயிருந்தது. அந்தக் கையால் அவள் பிள்ளைகளை அடிக்கவும் செய்வாள். முதுகில் ஒன்று, தொடையில் ஒன்று. பிள்ளைகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நழுவிக் கட்டிலுக்கடியில் புகுந்து சிரிப்பார்கள்.

அவள் வளர்ந்த வீடு அப்படி. அங்கே ஏழு பிள்ளைகளில் மூன்றாவது அவள். அப்பா பெல்ட்டால் பேசுவார், அம்மா கரண்டியால் பேசுவாள், அண்ணன்கள் அவரவர் கைக்குக் கிடைத்ததால் பேசுவார்கள். ஒரு நாள் கடைசித் தம்பியை முடிவெட்டக் கூட்டிக்கொண்டு போனாள். சலூனில் இருந்த இளைஞன் ஏதோ கதை சொல்லித் தம்பியைச் சிரிக்க வைத்தான். சிரித்ததில் தலை ஆடி, கத்தரி காதில் பட்டு லேசாக ரத்தம் வந்துவிட்டது. அந்த இளைஞன் குனிந்து, "தம்பி, தப்பு என் மேலதான், மன்னிச்சிடுப்பா" என்றான். ஒரு சின்னப் பையனிடம் பெரிய ஆள் ஒருவர் மன்னிப்புக் கேட்டதை அவள் அதுவரை கண்ணால் கண்டதில்லை. அதற்கப்புறம் தம்பிகள் எல்லோருக்கும் மாசம் இரண்டு தடவை முடி வளர ஆரம்பித்தது. அடுத்த வருஷமே கல்யாணம்.

சலூன்காரர் பிள்ளைகள் மேல் கை வைத்ததே கிடையாது. "அடிக்கிற இலாகா உங்க அம்மாவோடது, சிரிக்க வைக்கிற இலாகா என்னோடது" என்பார். ஐந்தும் அவர் மேல் ஏறி மிதித்துப் பிய்த்து எடுக்கும். அவர் வலிப்பது போல நடிப்பார். கடையிலும் அப்படித்தான். நாற்காலியில் உட்கார்ந்தவரைச் சிரிக்க வைக்காமல் துண்டை அவிழ்த்து விட மாட்டார்.

தெருக்கோடியில் ஒரு சிமெண்டுக் கிடங்கு இருந்தது. அதன் வாசலில் பழுப்பு நிறத்தில் கன்றுக்குட்டி உயரத்துக்கு ஒரு காவல் நாய். எப்போதும் சங்கிலியில் கிடக்கும். இரண்டு நாளாக அது தண்ணீர் குடிக்கவில்லை. வாயில் எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது. தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கும் என்று கிடங்குக் காவலாளி நினைத்தார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழே முக்காலுக்கு அது சங்கிலியை அறுத்துக்கொண்டது.

அந்த நேரத்தில் வீட்டில் யார் எங்கே இருந்தார்கள் என்பது பிறகு பல தடவை பேசப்பட்டது. ரொட்டிக்காரம்மா சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். மேனேஜர் முன்னறை மேசையில் சீருடைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். இடியும் மின்னலும் தரையில் உட்கார்ந்து ஒரே ஷூவுக்காக ஒருவரை ஒருவர் உதைத்துக்கொண்டிருந்தார்கள். சலூன்காரர் பொட்டலத்தின் உடுப்பைக் கழற்றித் துண்டில் சுற்றி, குளியலறைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். நேற்றும் குழந்தைக்குத்தான் முதல் குளியல், இன்றைக்கும் அப்படியென்றால் எந்த நியாயத்தில் சேர்த்தி என்று வாதாடியபடியே வக்கீல் அவர் பின்னால் போனான். குப்பை கொட்டிவிட்டு வந்த மேனேஜர் வாசல் கதவைச் சரியாகச் சாத்தியிருக்கவில்லை.

நாய் குரைக்கவே இல்லை. கதவை மூக்கால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து நின்றது.

"ஐ, நாய்!" என்றாள் இடி.

அது பக்கத்தில் கிடந்த பள்ளிக்கூடப் பையைக் கவ்வி உதறியது. பென்சில் பெட்டி சுவரில் மோதிச் சிதறியது. பையை விட்டுவிட்டுத் தன் முன்னங்காலையே கடித்தது. அதன் தாடையிலிருந்து கயிறு மாதிரி எச்சில் தொங்கியது. மேனேஜர் இஸ்திரிப்பெட்டியைப் போட்டுவிட்டு, இரட்டையரை ஆளுக்கொரு கையால் அள்ளி மேசை மேல் வீசி, தானும் ஏறிக்கொண்டாள். அந்தப் பலம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது. மூன்று பேரும் சேர்ந்து அலறினார்கள்.

அலறல் கேட்டு ரொட்டிக்காரம்மா பால் பாத்திரத்தோடு ஓடி வந்தாள். அவள் முதலில் பார்த்தது நாயை. அடுத்து, நடைவழியில் குழந்தையோடு நின்ற புருஷனை. சலூன்காரர் நாயைப் பார்த்தார். ஒரே பாய்ச்சலில் குளியலறைக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்த சத்தம் அந்தக் கூச்சலிலும் தெளிவாகக் கேட்டது.

அவருக்கு இரண்டடி பின்னால் வக்கீல் நின்றான்.

"அப்பா! அப்பா, நான்பா! கதவைத் தெறங்கப்பா!" இரண்டு கையாலும் கதவை அறைந்தான். "அப்பா, வெளிய நான் இருக்கேன்!"

கொதிக்கிற பாலை அவள் நாயின் மேல் வீசினாள். பாதிதான் பட்டது. நாய் அவள் பக்கம் திரும்பவில்லை. சத்தம் வந்த பக்கம் போயிற்று. வக்கீலின் வலது கெண்டைக்காலைக் கவ்வி, பையை உதறியது போலவே உதறியது. பையன் முகம் குப்புற விழுந்தான். விழுந்தபின்னும் ஒரு கை கதவைத் தட்டிக்கொண்டுதான் இருந்தது.

அதற்கப்புறம் ரொட்டிக்காரம்மா எதையும் யோசித்துச் செய்யவில்லை. காலிப் பாத்திரத்தால் அதன் முதுகில் அடித்தாள். பாத்திரம் நசுங்கியது, நாய் விடவில்லை. பின்னங்கால் இரண்டையும் பிடித்து இழுத்தாள். பையனும் கூடவே இழுபட்டு வந்தான். கடைசியில் அதன் மேல் அப்படியே விழுந்து இடது கையைத் தாடைக்கு நடுவே திணித்தாள். பையனின் கால் விடுபட்டது. இப்போது கடி அவள் கையில்.

எலும்பில் பல் உரசுவதை அவள் உணர்ந்தாள். கையை வெளியே இழுத்தால் சதை கிழியும் என்று உடம்புக்கே தெரிந்ததோ என்னவோ, இழுக்காமல் இன்னும் உள்ளே அழுத்தினாள். நாய்க்கு மூச்சுத் திணறியது. முழங்கால் இரண்டையும் அதன் விலாவில் ஊன்றி, தன் முழுப் பாரத்தையும் போட்டு அமுக்கினாள். அது நகத்தால் அவள் வயிற்றைக் கீறியது. தொடையைக் கீறியது. பால், ரத்தம், எச்சில், நாயின் மூத்திரம் எல்லாம் கலந்து தரை வழுக்கியது.

"எதாவது குடுடீ!" என்று கத்தினாள். "கைக்கு எதாவது குடு!"

மேனேஜர் மேசையிலிருந்து குதித்து இஸ்திரிப்பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள். நாய்க்கும் அம்மாவுக்கும் பக்கத்தில் வந்து, பெட்டியை அம்மாவின் வலது கையில் வைத்தாள்.

முதல் அடி நாயின் தோளில் விழுந்தது. முடி கருகிய நாற்றம் எழுந்தது. இரண்டாவது கண்ணுக்கு மேலே. மூன்றாவது அடியில் ஏதோ உடைந்த சத்தம் கேட்டது. நாலாவதில் நாயின் கால்கள் உதறுவதை நிறுத்தின. அவள் நிறுத்தவில்லை. ஐந்து, ஆறு, ஏழு. தாடை தளர்ந்து அவள் கை தானாக வெளியே வந்த பிறகும் அடித்தாள். தலை தலையாக இல்லாமல் போன பிறகும் அடித்தாள். அடிக்கிற தாளத்தில் அவள் வாயிலிருந்து ஏதோ சத்தம் வந்தது, அது வார்த்தையில்லை.

"போதும்மா" என்றான் வக்கீல், தரையிலிருந்து. "செத்துடுச்சும்மா."

எதிர்வீட்டு லாரிக்காரர் ஓடி வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்த பிறகுதான் இஸ்திரிப்பெட்டி கீழே விழுந்தது. மேசை மேல் இரட்டையர் ஒருவரை ஒருவர் இறுக்கிக் கட்டிக்கொண்டு, நாயைப் பார்க்காமல் அம்மாவையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குளியலறைத் தாழ்ப்பாள் மெதுவாக நீங்கியது. கதவு ஒரு சாண் திறந்தது.

"முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டார் சலூன்காரர்.

லாரிக்காரர் இரண்டு பேரையும் தன் லாரியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நர்ஸ் குழாயடியில் நிறுத்திச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவினாள். கடிவாயைத் திறந்து திறந்து கழுவினாள். ரொட்டிக்காரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அடுத்தது பையனின் முறை. கடித்த இடத்திலேயே, சதைக்குள்ளேயே ஊசி போட வேண்டும் என்றார்கள். நாலு பேர் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். எதற்கும் ஒரு வாதம் வைத்திருக்கிற பையன் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. ஊளையிட்டான்.

"தைக்கலையா சிஸ்டர்?" என்று அவள் தன் கையைக் காட்டிக் கேட்டாள்.

"நாய்க்கடியை உடனே தைக்க மாட்டோம்மா. உள்ள இருக்கிற விஷம் வெளிய வரணும்" என்றாள் நர்ஸ். "ரெண்டு விரல் மடங்குமான்னு இப்ப சொல்ல முடியாது. கை இருக்கே, அதுவரைக்கும் நல்லது."

நாயின் உடலைச் சோதனைக்கு அனுப்பினார்கள். வெறிநாய்தான் என்று இரண்டு நாளில் பதில் வந்தது. நாயின் எச்சில் கையில் பட்டிருந்த மேனேஜருக்கும் ஊசி. வரிசையாக ஊசி நாட்கள் வந்தன. ஒவ்வொரு தடவையும் வக்கீலைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அப்பா தூக்க வந்தால் அவன் உடம்பை விறைத்துக்கொள்வான். லாரிக்காரர் தூக்கினால் பேசாமல் இருப்பான்.

கிடங்குக் காவலாளி ஒரு நாள் வந்து வாசலில் நின்றார். குட்டியிலிருந்து பாலூட்டி வளர்த்த நாய் என்றார். மன்னிப்புக் கேட்டார். கேட்டுவிட்டு, கேட்கலாமா கூடாதா என்று தயங்கி, "ரொம்ப நேரம் அவஸ்தைப்பட்டுச்சாம்மா?" என்றார்.

"இல்லண்ணே. நாலாவது அடியிலயே போயிடுச்சு."

எத்தனை அடி அடித்தாள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

சலூன்காரர் வீட்டு வேலை முழுவதையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தார். சமைத்தார், துவைத்தார், பிள்ளைகளைக் குளிப்பாட்டினார். மனைவிக்குத் தலை வாரிவிட்டார். மூச்சுக்கு முந்நூறு தடவை 'வலிக்குதா' என்று கேட்டார். "குழந்தை கையில இருந்துச்சு, அதான்..." என்று இரண்டு மூன்று தடவை ஆரம்பித்தார். "சரி, விடுங்க" என்றாள் அவள். அதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. கதவைத் திறந்திருந்தால் நாய் உள்ளே பாய்ந்திருக்கும், அந்த ஆறடிக் குளியலறையில் குழந்தை என்னவாகியிருக்கும்? அவளே பலமுறை தன்னிடம் இப்படிக் கேட்டுக்கொண்டாள். கேட்கும்போதெல்லாம், 'முடிஞ்சிடுச்சா' என்ற அந்தக் குரல் காதில் விழுந்தது.

அவளை அதைவிட வாட்டியது வேறொன்று. ஒரு காலை, மின்னலுக்குச் சீப்பை எடுக்கக் கையைத் தூக்கினாள். மின்னல் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்திலிருந்த இடியும் உட்கார்ந்தாள். முன்பெல்லாம் அடிக்கக் கை ஓங்கினால் நழுவி ஓடிச் சிரித்த பிள்ளைகள். இப்போது ஓடவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. சாயங்காலம் பார்த்தால் இரண்டும் ஒரு விளையாட்டு விளையாடின. ஒருத்தி தலையணையை அமுக்கிப் பிடித்துக்கொள்வாள். இன்னொருத்தி மரக்கட்டையால் அதை அடிப்பாள். அடிக்கிறவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் போட்டாள். அது தன்னுடைய சத்தம் என்று ரொட்டிக்காரம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள்.

கதை சலூனிலும் வளர்ந்துகொண்டிருந்தது. முதல் வாரம் அங்கே சலூன்காரர், "என் சம்சாரம் ஒண்டியா அடிச்சுக் கொன்னா சார்" என்றார். இரண்டாவது வாரம், "நான் குழந்தையை உள்ள போட்டுட்டு வந்து பாக்கிறேன்..." என்றார். மூன்றாவது வாரம் நாயின் பின்னங்கால்களைப் பிடித்துக்கொண்டிருந்ததே அவர்தான். நாற்காலியில் இருப்பவர்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். கேட்கக் கேட்க அவருக்கும் அது நடந்த மாதிரியே ஆகிவிட்டது போல.

வக்கீல் நொண்டி நொண்டி நடக்க ஆரம்பித்திருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவனுக்கு முடிவெட்டக் கடைக்குக் கூட்டிப் போனார். கடையில் லாரிக்காரரும் இன்னும் இரண்டு பேரும் காத்திருந்தார்கள். அதில் புதிதாக வந்த ஒருவர், "இவன்தானா கடி வாங்கின பையன்? அன்னிக்கு என்னதான்யா நடந்துச்சு?" என்று கேட்டுவிட்டார். சலூன்காரர் கத்தரியை ஆட்டியபடி தொடங்கினார். மகனின் தலை தன் கையில் இருக்கிறது என்பதையே மறந்துவிட்டார். நாயின் பின்னங்கால்களைப் பிடிக்கிற இடம் வந்தபோது, வக்கீல் கண்ணாடியில் அப்பாவைப் பார்த்தான்.

"அப்பா பாத்ரூம்ல இருந்தாங்க" என்றான்.

லாரிக்காரர் செய்தித்தாளை முகத்துக்கு உயர்த்திக்கொண்டார்.

"சின்னப் பையன், பயத்துல ஒண்ணும் ஞாபகமில்ல..." என்று சிரித்தார் சலூன்காரர்.

"எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. தாழ்ப்பாள் போட்டுட்டு உள்ள இருந்தீங்க. நான் பதினோரு தடவை தட்டினேன்."

சலூன்காரரின் கை எழுந்து பையனின் கன்னத்தில் இறங்கியது. கத்தரி இன்னொரு கையில் இருந்தது நல்லதாயிற்று. பன்னிரண்டு வருஷத்தில் அவர் ஒரு பிள்ளையை அடித்தது அதுதான் முதல் தடவை. பையன் துண்டைத் தானே அவிழ்த்து, மடித்து, நாற்காலிக் கையில் வைத்துவிட்டு இறங்கினான். பாதித் தலை வெட்டியும் பாதித் தலை வெட்டாமலும் நொண்டிக்கொண்டே வீட்டுக்கு நடந்தான்.

கன்னத்தில் நாலு விரல் பதிந்திருப்பதை ரொட்டிக்காரம்மா பார்த்தாள்.

"யாருடா?"

"அப்பா."

"எந்த அப்பா?" என்று கேட்டாள். அப்படித்தான் கேட்டாள்.

பையன் நடந்ததை வரிசையாகச் சொன்னான். அவள் மேனேஜரிடம் குழந்தையைக் கொடுத்தாள். கட்டுப் போட்ட இடது கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தாள். பின்னாலேயே வக்கீலும் வந்தான். போகிற வழியில் இரண்டு பேர் 'கை எப்படி இருக்கு' என்று கேட்டார்கள். அவள் காதில் விழவில்லை.

சலூன்காரர் அவளைப் பார்த்ததும் கத்தரியைக் கீழே வைத்தார்.

"எந்தக் கையால அடிச்ச?" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரை 'நீ' என்று சொன்னதில்லை.

"இங்க பாரு, கடையில வேணாம். ஆளுங்க இருக்காங்க..."

"அந்த ஆளுங்க முன்னாடிதான அடிச்ச?"

அவள் அறைந்தாள். பதினாலு வருஷம் மாவு பிசைந்த வலது கை. சலூன்காரர் சுழன்று கண்ணாடியில் மோதினார். கண்ணாடி மூலைக்கு மூலை விரிசல் விட்டது. புட்டிகள் உருண்டன. அவர் நிமிர்வதற்குள் சட்டையைப் பிடித்து இழுத்து இன்னொன்று விட்டாள். புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. தடுக்க வந்த லாரிக்காரரை முழங்கையால் தள்ளினாள், அவர் காத்திருந்தவர்கள் மடியில் போய் விழுந்தார்.

"எங்க வீட்ல எல்லாரும் அடிப்பாங்க!" என்று கத்தினாள். "எல்லாரும் அடிப்பாங்க, தெரியுமா உனக்கு? நீ அடிக்க மாட்டேன்னுதான உன்கிட்ட வந்தேன்! பயந்துக்கோ, ஒளிஞ்சுக்கோ, அதை நான் பொறுத்துக்கறேன். உள்ள போய் ஒளிஞ்சதுமில்லாம, அதைச் சொன்ன புள்ளைய அடிப்பியா?"

சலூன்காரர் திருப்பி ஒரு விரலைக்கூடத் தூக்கவில்லை. தரையில் கிடந்த வெட்டிய முடிக்கு நடுவே உட்கார்ந்துவிட்டார். அவள் இடது கைக் கட்டு முழுவதும் சிவந்திருந்தது. ஆறத் தொடங்கிய புண் திரும்பவும் திறந்துகொண்டது.

வக்கீல் வாசற்படியில் நின்றபடியே கேட்டான். "நான் தட்டினது கேட்டுச்சா?"

அவர் கண்ணில் இறங்கிய ரத்தத்தைத் துடைத்தார். "கேட்டுச்சு."

"நான்தான்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுடா."

"பாப்பாவுக்காகத் தெறக்கலையா?"

தப்பிக்க அவருக்கு ஒரு வழி இருந்தது. பையனே அதைத் திறந்து வைத்திருந்தான். கடையில் இருந்த மூன்று பேரும் அவர் அதில் நுழைந்துவிடுவார் என்றுதான் நினைத்தார்கள்.

"இல்ல" என்றார் சலூன்காரர். "பாப்பாவுக்காகன்னு இத்தனை நாளா சொல்லிட்டிருந்தேன். அப்ப பாப்பா ஞாபகமே இல்ல. அது என் கையில இருக்கிறதே, சத்தமெல்லாம் அடங்கின பிறகுதான் தெரிஞ்சுது. தாழ்ப்பாள் மேல கை வெச்சேன். தெறக்கணும்னுதான் வெச்சேன். கை அசையல. நீ கத்தறே, கேக்குது, கை அசையல."

முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அவர் அழுது வக்கீல் பார்த்ததில்லை. ரொட்டிக்காரம்மாவும் பார்த்ததில்லை. அவள் ஓங்கியிருந்த கையைக் கீழே இறக்கினாள். மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

அதற்கப்புறம் அவர்கள் பிரிந்துவிட்டார்கள் என்று தெருவில் கொஞ்ச நாள் பேசிக்கொண்டார்கள். பிரியவில்லை. அன்று மத்தியானமே புருவத்தில் மூன்று தையலோடு வீட்டுக்கு வந்தார். அவள் சோறு போட்டாள், பேசவில்லை. பேச்சு வரப் பதினேழு நாள் ஆயிற்று. அதுவும், "மின்னல் ஷூவை எங்க வெச்சீங்க?" என்பதுதான். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மற்றதும் வந்தது.

குளியலறைத் தாழ்ப்பாளை மறுநாளே அவர் கழற்றி எறிந்துவிட்டார். அதனால் குளிக்கிறவர்கள் உள்ளே ஆள் இருப்பதைத் தெரிவிக்க உரக்கப் பாட வேண்டியதாயிற்று. ஏற்கெனவே இருந்த சத்தத்தோடு இதுவும் சேர்ந்துகொண்டது. கடையில் இன்னமும் யாராவது நாய்க் கதையைக் கேட்டால், "நான் பாத்ரூம்ல ஒளிஞ்சிருந்தேன் சார், என் பையன் கதவைத் தட்டினான், தெறக்கல" என்பார். பாதிப் பேர் அதை அவருடைய வழக்கமான வேடிக்கை என்று நினைத்துச் சிரித்துவிடுவார்கள். அவர் சிரிக்க மாட்டார், அவர்களைத் திருத்தவும் மாட்டார்.

ரொட்டிக்காரம்மா மூன்று மாதம் கழித்துப் பேக்கரிக்குத் திரும்பினாள். இடது கையில் இரண்டு விரல் மடங்காமலே நின்றுவிட்டது. முழங்கையை வைத்து மாவை மடித்துத் திருப்ப ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டாள். இனிமேல் பிள்ளைகளை அடிப்பதில்லை என்று தனக்குள் முடிவு எடுத்திருந்தாள். ஒரு நாள் மின்னல், இடியின் காதைக் கடித்து ரத்தம் வரவழைத்தபோது அந்த முடிவு போய்விட்டது. முதுகில் ஒன்று விட்டாள். மின்னல் ஒரு கணம் உறைந்து நின்றாள். பிறகு ஓடிக் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டாள். சிரிப்பு வருகிறதா என்று ரொட்டிக்காரம்மா வெகுநேரம் காது கொடுத்தாள். வரவில்லை. முழங்காலிட்டுக் குனிந்து, "மன்னிச்சிடுடீ, தப்பு என் மேல" என்றாள். அந்த வார்த்தை அவள் வாயில் பழகாத சாப்பாடு மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து ஒரு கால் நீண்டு அவள் முழங்காலை உதைத்தது. சரி, இது போதும் என்று எழுந்தாள்.

வக்கீல் மட்டும் அப்பாவின் நாற்காலியில் மறுபடி உட்காரவில்லை. முடி காதை மூடியது, பிறகு கழுத்தை மூடியது. பள்ளிக்கூடத்திலிருந்து எழுதி அனுப்பினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவே அவனை முன்னறை ஸ்டூலில் உட்கார வைத்து வெட்டினாள். ரொட்டி வெட்டுகிற மாதிரி வெட்டினாள். மேனேஜர் கண்ணாடி பிடித்தாள், இரட்டையர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சலூன்காரர் பொட்டலத்துக்கு முட்டை ஊட்டியபடி மூலையில் உட்கார்ந்து, இந்தக் கொலையைப் பார்க்கவும் முடியாமல் பார்க்காமல் இருக்கவும் முடியாமல் தவித்தார்.

வக்கீல் கண்ணாடியில் இப்படியும் அப்படியும் பார்த்தான்.

"காது ஓரத்துல மட்டும் நீங்க சரி பண்ணுங்க" என்றான், யாரையும் பார்க்காமல். "கத்தரியிலதான். மெஷின் வேணாம்."

சலூன்காரர் குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிட்டு, கையைச் சட்டையில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டு வந்தார். கத்தரியை வாங்கினார். பையனின் தோள் விறைத்துத்தான் இருந்தது. அவர் காது ஓரத்தை மட்டும் வெட்டினார். பின்பக்கம் கோணல்மாணலாகக் கிடந்ததை அப்படியே விட்டுவிட்டார்.